மீன் கவர்தான் வில்லன்

மார்த்தாண்டத்தில் தூய்மைப் பணியாளர் உங்கள் மக்காத குப்பைப் பையைத் திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். அதில் மீன் வாங்கிய கவர் இருந்ததல்லவா? அது ஒன்று போதும், அட்டையும் தாளும் நனைந்து நாறிவிடும். அப்புறம் யாரும் எடுக்க மாட்டார்கள்.

பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக்காதீர்கள், அது கவரோடு ஒட்டியே தொங்கட்டும். அந்தப் பொடித்துண்டுகளைப் பொறுக்கித் தரம்பிரிக்க முடியாது. கவரைக் கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவிடுங்கள். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் அடுப்படி ஜன்னல் கம்பியில்தான் தொங்கும், பார்க்கச் சகிக்காது.

உள்ளே வெள்ளி மினுங்கும் சிப்ஸ் கவர் பல அடுக்குச் சரக்கு. மறுசுழற்சிக்குத் தேறாது, பெரும்பாலும் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகத்தான் போகும். தனியாகக் கட்டுங்கள். சானிட்டரி நாப்கின், பழைய பேட்டரி இரண்டும் வேறு வேறு பொதி. தேங்காய்ச் சிரட்டையை வண்டியில் போடவே வேண்டாம், வெந்நீர் அடுப்புக்கு ஆகும்.