பூக்கிறது, காய்க்க மறுக்கிறது: கலப்பு ஸ்ட்ராபெர்ரிக்கு என்ன ஆச்சு?

கேள்வி: நீலகிரியில் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தோட்டத்து ஸ்ட்ராபெர்ரியில் நீலகிரிக் காட்டு ஸ்ட்ராபெர்ரியின் மகரந்தத்தை வைத்து நாற்று எடுத்தேன். செழிப்பாகப் பூக்கிறது, ஒரு பழம்கூட இல்லை. உரம் போதவில்லையா? குரோமோசோமை இரட்டிக்கும் கோல்சிசின் மருந்தை வைக்கலாமா?

பதில்: உரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், குரோமோசோம் கணக்கு உதைக்கிறது. தோட்டத்து ஸ்ட்ராபெர்ரியில் ஏழேழாக எட்டுத் தொகுதி, மொத்தம் 56. காட்டுச் செடியில் இரண்டே தொகுதி, 14. தாய் 28, தந்தை 7 கொடுக்க, உங்கள் நாற்றுக்கு 35. ஐந்து தொகுதி என்றால் ஜோடி சேராது. மகரந்தமும் சூலும் மலடாகிவிடும். ஸ்ட்ராபெர்ரியின் மேலே விதை போல ஒட்டியிருக்கும் மணிகள் பிடித்தால்தான் சதை பருக்கும். அதனால்தான் பூ அப்படியே காய்ந்துபோகிறது.

ஜப்பானில் இதே இரண்டு இனங்களைச் சேர்த்து, 35-ஐ கோல்சிசினால் 70 ஆக்கினார்கள். இரட்டித்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி கிடைத்துவிடும். அந்த வழியில் வந்த ‘தோகுன்’ ரகத்தின் பீச் பழ வாசனை காட்டு இனம் கொடுத்த சீதனம்.

ஆக, வைக்கலாம். நம்மூர் கண்வலிக்கிழங்கு விதையில் இருக்கும் அதே விஷம்தான், கையுறை இல்லாமல் தொட வேண்டாம். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்களை அது உருவாகவிடாது. இரட்டித்தவை ஒரே செல்லில் தங்கிவிடும். குடுவையில் வளரும் தளிர்நுனிகளில் 0.1 முதல் 0.2 சதவீதம், 24 முதல் 48 மணி நேரம் என்று தொடங்குங்கள். பாதி கருகினால் பதற வேண்டாம். ஒன்றுமே சாகவில்லை என்றால்தான் மருந்து உள்ளே போனதா என்று சந்தேகப்பட வேண்டும். களைக்கொல்லியான ஒரைசலினும் இதே வேலையைச் செய்யும், மிகக் குறைந்த அளவிலேயே.

பலர் ஏமாறுவது இதற்கப்புறம்தான். இலையின் அடிப்புறத்தில் நெயில் பாலிஷ் தடவி, காய்ந்ததும் உரித்து நுண்ணோக்கியில் பார்த்தால் இலைத்துளைகள் பெரிதாகத் தெரியும். சரி, வென்றுவிட்டோம் என்று தோன்றும். ஆனால் அது மேல்தோல் அடுக்கு மட்டும். மகரந்தம் உருவாவது அதற்கு அடுத்த அடுக்கில். அங்கே பழைய 35 அப்படியே இருக்கலாம். வேர்நுனியில் எண்ணினாலும் இதே சிக்கல், வேர் உள்ளடுக்கிலிருந்து வருவது. பூத்ததும் மகரந்தத்தைச் சாயமேற்றிப் பாருங்கள்: பருத்து, நிறம் பிடித்தால் நல்ல சேதி. ஓடுதண்டில் வரும் கன்றுகளைத் தனித்தனியே ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்லின் டி.என்.ஏ. அளவைக் காட்டும் கருவி) சோதித்து, 35-ம் 70-ம் கலந்த செல்கள் உள்ளவற்றைக் கழித்துவிடுங்கள்.

மருந்தே இல்லாத வழியும் உண்டு. ஃபுளோரிடாவின் காட்டு புளூபெர்ரி ஒன்று, 24 குரோமோசோம் உள்ளது, எப்போதாவது பாதியாகக் குறையாத, 24-ம் அப்படியே உள்ள மகரந்தத்தைத் தரும். அதை வைத்தே 48 உள்ள புளூபெர்ரியுடன் சேர்த்தார்கள். குளிர் குறைந்த இடத்துக்கான ரகங்கள் பல அப்படி வந்தவை. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கில் பூக்களைத் தொட வேண்டும். உங்களுக்கு கோல்சிசினே சுருக்கு வழி.

இன்னொன்று: 70-ஐ மறுபடி 56-உடன் சேர்த்தால் 63, திரும்பவும் ஒற்றைப்படைத் தொல்லை. ஆகவே வேறொரு தோட்டத்து ரகத்திலிருந்தும் இப்போதே ஒரு கலப்பைத் தொடங்கி 70 ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்கலாம்.