இரும்புக் கத்தி ராணியைக் கொல்லாது

ஸ்காட்லாந்து தேவதைக் குன்றுக்குள் போகும் உங்கள் கதை நாயகி, தேவதைகளின் ராணியை இரும்புக் கத்தியால் குத்தித் தம்பியை மீட்பது சப்பென்று இருப்பதாகப் படித்தவர்கள் சொன்னது சரிதான். அந்த ஊர்க் கதைகளில் இரும்பு பெரும்பாலும் காவல்தான். நுழையும்போதே கத்தியை வாசல் நிலையில் செருக வேண்டும்; அப்போதுதான் கதவு மூடாது. ஆக, உள்ளே அவள் வெறுங்கையோடு நிற்பாள். பயம் அங்கேதான் பிறக்கும்!

மீட்புக்கு 'டாம் லின்' என்ற ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலைப் பாருங்கள்: ஹாலோவீன் (அக்டோபர் 31) நள்ளிரவில் தேவதைகளின் ஊர்வலத்தில், அவர்களிடம் சிக்கிய டாம் லினை அவன் காதலி குதிரையிலிருந்து இழுத்துக் கட்டிப்பிடிக்க வேண்டும், பாம்பாக, சிங்கமாக, பழுக்கக் காய்ச்சிய இரும்பாக மாறினாலும் விடக்கூடாது. 7 ஆண்டுக்கொருமுறை தேவதைகள் நரகத்துக்கு ஓர் ஆளைக் கப்பமாகக் கட்டும் கெடுவும் அதில் உண்டு. அதை முதல் அத்தியாயத்திலேயே வையுங்கள்.

அப்புறம், அந்த விருந்துக் காட்சியை வெட்டுங்கள். இந்தக் கதைகளின்படி, தேவதைக் குன்றுக்குள் ஒரு கவளம் தின்றாலும் அவள் திரும்ப முடியாது.