மகள் கல்லூரி வளாகத்தில் வேலை பார்த்தால் உதவித்தொகை போய்விடுமா?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மகளிர் கல்லூரியில், அக்கல்லூரியே வழங்கும் உதவித்தொகையில் முதலாண்டு படிக்கிறார். நாடகக் குழுவில் சேரவும், மாலை வேளைகளில் நூலகத்தில் வேலை பார்க்கவும் விரும்புகிறார். விண்ணப்பம் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டோ, எந்த வேலையில் சேர்ந்தாலும் உதவித்தொகை ரத்தாகும் என்றும், கோடை விடுமுறைக்குத் தாமே ஒரு இன்டர்ன்ஷிப் வாங்கித் தருவதாகவும், அதற்கு ஒன்றரை லட்சம் ஆகும் என்றும் சொல்கிறாராம். மகளைப் படிப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதா என்பது தாயாரின் கேள்வி.

வேண்டாம் அம்மா, தடுக்காதீர்கள். நாடகக் குழு, விடுதி மன்றம், விவாத மேடை ஆகியவற்றுக்கும் விசாவுக்கும் தொடர்பே இல்லை. அங்கே போன பிறகு வகுப்பில் வாய் திறக்கவே தயங்கும் நம் பெண்கள், ஒரு குழுவில் பொறுப்பேற்ற பிறகுதான் பேராசிரியரிடம் எதிர்க்கருத்துச் சொல்லும் துணிவு பெறுவதைப் பார்த்து வருகிறேன். ஆசியப் பெண்களுக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1917இல் ஏற்பட்ட பார்பர் உதவித்தொகையில்தான், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் அங்கே சென்று, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பெயர் பதித்தார். நூறாண்டுக்கு முன்பே நம் பெண்கள் நடந்த பாதை இது.

நூலக வேலைக்கு வருவோம். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் உள்ள மாணவி, கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை செய்யலாம். விடுமுறையில் முழு நேரமும் செய்யலாம். பல கல்லூரிகளின் உதவித்தொகைக் கடிதத்திலேயே, மாணவி வளாக வேலையில் ஓரளவு சம்பாதிப்பார் என்ற கணக்கும் சேர்ந்திருக்கும். மகளிடம் அந்தக் கடிதத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் பணம் நிற்கும் என்பதும் அதில்தான் இருக்கும். வேலை அறிவிப்பில் ‘ஃபெடரல் ஒர்க் ஸ்டடி’ என்று போட்டிருந்தால் அது அமெரிக்க மாணவர்களுக்கான அரசுப் பணம்; அதை விட்டுவிட்டு மற்ற வேலைகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஆபத்து இருப்பது வளாகத்துக்கு வெளியே, அதாவது உங்கள் ஏஜென்ட் காட்டும் பக்கத்தில். படிப்பின் பகுதியாக வளாகத்துக்கு வெளியே பயிற்சி வேலை பார்ப்பதற்கான சி.பி.டி. என்ற அனுமதியை, ஓராண்டுப் படிப்பு முடிந்தபின், பாடத்திட்டத்தோடு தொடர்புள்ள வேலைக்கு, கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம் மட்டுமே தர முடியும். அது கிடைத்தால் மாணவர் விசாவுக்கு அடிப்படையாகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் நிறுவனத்தின் பெயரும், தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் அச்சாகி வரும். அந்த அச்சு இல்லாமல் ஒரு நாள் வேலை செய்தாலும் விசா நிலை பறிபோகலாம். அதன்பின் உதவித்தொகையைப் பற்றிப் பேசவே இடமிருக்காது. மும்பையில் அலுவலகம் வைத்திருக்கும் எவருக்கும் இந்த அனுமதியைத் தரும் அதிகாரம் கிடையாது. ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு அவர் தருவது வெறும் நியமனக் கடிதம். சிக்கல் வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் உங்கள் மகள்.

“சம்பளமே வாங்கவில்லையே, அது எப்படி வேலையாகும்?” என்று இந்த ஏஜென்ட்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். இதை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். வாரக் கடைசியில் தன்னார்வலர்களே நடத்தும் தமிழ்ப் பள்ளியில் மகள் குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கலாம். கோயில் அன்னதானத்தில் பரிமாறலாம். அங்கே அந்தப் பணியை எல்லோரும் இலவசமாகவே செய்கிறார்கள். அதே மகள் தெரிந்தவர் ஒருவரின் மளிகைக் கடையிலோ கணக்கு அலுவலகத்திலோ, மற்றவர்கள் கூலி வாங்கிச் செய்யும் வேலையைச் செய்தால், காசு வாங்காவிட்டாலும் அது வேலையாகவே கருதப்படக்கூடும். கூலிக்குப் பதிலாகச் சாப்பாடோ தங்க அறையோ கிடைத்தால் அதுவும் கூலிதான். தமிழ்ப் பள்ளியிலேயே பாடம் எடுப்பதற்கென்று பரிசு அட்டை கொடுப்பதாக இருந்தால், வாங்குவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் கல்லூரியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி. ஆனால் அங்கே 1974ஆம் ஆண்டு முதல் இருக்கும் சட்டப்படி, மாணவியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் அவருடைய விவரங்களைப் பெற்றோரிடம் சொல்ல மாட்டார்கள். இரவு பத்தரை மணிக்கு இங்கிருந்து போன் போடும் தாய்க்கு, மகளையே கேட்டுக்கொள்ளுங்கள் என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். உதவித்தொகை அலுவலகம் பாதியைச் சொல்லும்; மீதிக்கு சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கைகாட்டும். கடல் கடந்து பிள்ளையை அனுப்பிய குடும்பத்துக்கு எளிய மொழியில் ஒரு பக்கக் குறிப்பு அனுப்ப இவர்களுக்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள்.

ஆகவே மகள் அந்த ஒப்புதல் படிவத்தில் உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்திடட்டும். இன்னொன்றும் அவசரம்: விண்ணப்ப நேரத்தில் பல ஏஜென்ட்கள் தாங்களே ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கி, கடவுச்சொல்லைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். உதவித்தொகைக் கடிதம் இன்னும் அந்த முகவரிக்குத்தான் போகிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். போகிறதென்றால், கல்லூரிக் கணக்கில் மகள் தன் சொந்த முகவரியைப் பதிந்து, கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றிய பிறகே ஏஜென்ட்டிடம் இன்டர்ன்ஷிப் வேண்டாம் என்று சொல்லுங்கள்.