சேன்-மாலோவுக்கு எந்த நாளில் போவது? கிழமையைவிட ஓதம் முக்கியம்

பாரிஸில் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “சேன்-மாலோ துறைமுக நகரை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? மனைவிக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம். சனிக்கிழமை போகலாமா, ஞாயிறா?”

தாராளமாக முடியும். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து நேரடி தேஜேவே (அதிவேக) ரயில்கள் உண்டு. வேகமானவை இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கும். இறங்கியதும் கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊருக்கு இருபது நிமிட நடை. உங்கள் மனைவிக்காகப் பேருந்து பிடித்துவிடுங்கள், கால்களை ஊருக்குள் நடக்க மிச்சம் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சனியா ஞாயிறா என்று பார்ப்பதற்கு முன், அன்றைய ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம், எப்படி என்று பாருங்கள். சென்னையில் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். சேன்-மாலோவில் பெரிய ஓத நாட்களில் அது 12 மீட்டரைத் தாண்டும், ஏறத்தாழ நான்கு மாடி உயரம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஓதம் குறுகிக்கொண்டே போகும் ஆழம் குறைந்த வளைகுடாவுக்குள் புகுந்து, கோத்தாந்தேன் தீபகற்பத்தில் முட்டி உயர்கிறது. பக்கத்து ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 1966 முதல் இந்த ஓதத்தைக் கொண்டே மின்சாரம் எடுக்கிறார்கள்.

அமாவாசை, பௌர்ணமியிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும், கோடையில் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் கடல் முழுதாக வற்றும். அப்போது கரைக்கு எதிரே உள்ள சிறு தீவுகளுக்கு நடந்தே போகலாம். உங்களுக்கு வேண்டியது அந்த நாட்கள்தான். அஷ்டமியை ஒட்டிப் போனால் நடுப்பகலில் நீர் நிறைந்திருக்கும், தீவுகளைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

முதலில் கோட்டைச் சுவர். மேலே நடக்கக் கட்டணம் இல்லை. முழுச் சுற்று சுமார் 1,750 மீட்டர். முழங்கால் வலிக்கு அது வேண்டாம். மேற்கே ஒல்லாந்துக் கொத்தளத்தில் ஏறி, பிதுவான் கோபுரம் வரை நடந்தால் போதும். தீவுகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். கீழே தெரியும் கருங்கல் வீடுகள் பழையவை போலிருக்கும். இரண்டாம் உலகப் போரில், 1944 ஆகஸ்டில் இந்த ஊரின் பெரும்பகுதி எரிந்து நொறுங்கியது. பழைய சாயலிலேயே திரும்பக் கட்டினார்கள். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம் சரித்திரமும் இந்த ஊரைத் தொடுகிறது. 1746-ல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே இங்கே 1699-ல் பிறந்தவர். 1800-ல் வங்கக் கடலில் ‘கென்ட்’ என்ற பெரிய ஆங்கிலக் கப்பலைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கப்பல் தலைவர் சுர்கூஃபும் இந்த ஊர்க்காரர்தான்.

சாப்பாட்டுக்கு கலேத். பக்வீட் மாவில் கல்லில் வார்க்கும், நம் தோசைக்கு நெருங்கிய பண்டம். ‘கொம்ப்ளேத்’ என்று எழுதியிருந்தால் அதில் பன்றி இறைச்சியும் முட்டையும் இருக்கும். சீஸ், காளான், காய் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். அதே கல்லில்தான் இறைச்சி வைத்ததும் வேகும். அது ஒத்துவராது என்றால் மகள் வீட்டிலிருந்தே கட்டுச்சோறு கொண்டுபோய் போன் செக்கூர் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதுவும் சுகம்தான். வெண்ணெயும் சர்க்கரையும் மடித்துச் சுட்ட குயின்-அமானை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் அந்தக் கடற்கரையிலிருந்தே கிராண் பே தீவுக்கு நடங்கள். பாசி வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பு அவசியம். மேலே எழுத்தாளர் ஷதோப்ரியானின் சமாதி கடலைப் பார்த்து இருக்கிறது: கல் சிலுவை ஒன்று, பெயர்கூடப் பொறிக்கவில்லை. ஏற்றம் சிரமமாகத் தோன்றினால் உங்கள் மனைவி கீழே மணலிலேயே இருக்கட்டும், நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். தாழ்நீருக்கு (கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு) முன்பே தீவுக்குப் புறப்பட்டு, தாழ்நீர் நேரம் கடந்ததும் திரும்பிவிடுங்கள். தண்ணீர் பாதையை மூடிவிட்டால் அடுத்த வற்றம்வரை பல மணி நேரம் தீவிலேயே இருக்க வேண்டும். காலில் தண்ணீர்தானே என்று இறங்கி நடக்கவே கூடாது, இழுப்பு பலமாக இருக்கும். நேர அட்டவணை சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும்.

மடாலயத் தீவான மோன் சேன்-மிஷேலையும் அதே நாளில் சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம். மாலை ஏழு மணியளவில் ரயில் இருந்தால், ஆறு மணி வரை சுவர் மேல் நில்லுங்கள். நீங்கள் நடந்துபோன பாதை தண்ணீருக்குள் மறைந்து, கிராண் பே மறுபடி தீவாகிவிட்டிருக்கும்.