பத்தாவது தட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானில் பேய் உலவுவதாகச் சொல்லப்படும் இடங்களைப் பற்றிய காணொளிகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். டோக்கியோவின் நடுவில் ஒரு கலகக்காரனின் தலை கிடப்பதாகச் சொல்லும் மேட்டில் கைவைக்க அஞ்சுகிறார்கள். ஹிமேஜி கோட்டையில் தட்டு எண்ணும் பேயின் கிணற்றைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. இவ்வளவு முன்னேறிய நாட்டில் இது மூடநம்பிக்கையா, அல்லது சுற்றுலாவுக்காகக் கட்டிவிட்ட கதையா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

நீங்கள் குறிப்பிடும் இரண்டு கதைகளுமே ஒரு கொலையில் தொடங்குகின்றன. கொன்றவர்கள் யார் என்று கேட்டுப் பார்த்தால், மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லில் இவற்றை அடக்கிவிட முடியாது என்பது விளங்கும்.

மசகாதோவின் மேடு இருக்கும் ஓட்டெமாச்சி, டோக்கியோவில் வங்கிகளும் பெருநிறுவனங்களும் நெருக்கியடித்து நிற்கும் பகுதி. நிலத்தின் விலை வானத்தைத் தொடும் அந்த இடத்தில், கண்ணாடிக் கோபுரங்களின் நிழலில், ஒரு நினைவுக் கல்லும் ஊதுவத்திப் புகையுமாக ஒரு துண்டு மண் விடப்பட்டிருக்கிறது. கிழக்கு மாகாணங்களைக் கைப்பற்றித் தன்னைப் புதிய பேரரசராக அறிவித்துக்கொண்ட தைரா நோ மசகாதோ 940இல் கொல்லப்பட்டார். கியோட்டோவில் காட்சிக்கு வைக்கப்பட்ட அவருடைய தலை, உடலைத் தேடிக் கிழக்கே பறந்து வந்து இங்கே விழுந்தது என்பது கதை. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் நிதி அமைச்சகம் இந்த மேட்டைச் சமன்செய்து தற்காலிக அலுவலகம் கட்டியது; 1926இல் நிதி அமைச்சர் ஹயாமி செய்ஜி இறந்ததும், ஊழியர்கள் பலர் நோயுற்றதாகப் பேச்சு பரவியதும், மசகாதோவின் கோபமே காரணம் என்று ஊர் முடிவுகட்டியது.

எனக்கு இந்தச் சாபத்தைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அன்று எடோ என்று அழைக்கப்பட்ட டோக்கியோவின் மக்கள் தங்கள் காவல் தெய்வமாகக் கும்பிட்ட மசகாதோவை, 1874இல் மெய்ஜி பேரரசர் காண்டா ஆலயத்துக்கு வந்தபோது, பேரரசின் எதிரி என்று சொல்லி முதன்மைத் தெய்வங்களின் வரிசையிலிருந்து விலக்கினார்கள். 1984இல்தான் அவர் மீண்டும் அந்த வரிசையில் அமர்த்தப்பட்டார். அரசு ஒதுக்கிய அந்த 110 ஆண்டுகளிலும் மக்கள் அவரை மறக்கவில்லை. ஜப்பானிய மொழியில் தவளைக்கும் திரும்பி வருவதற்கும் ‘கயெரு’ என்ற ஒரே ஒலிதான். தலை திரும்பி வந்த இடமல்லவா, அதனால் வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போகும் ஊழியர்கள் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கல்லுக்கு அருகே தவளைச் சிலைகளை வைத்துவிட்டுப் போவது முன்பு வழக்கமாக இருந்தது. அஞ்சியவர்களே அடைக்கலமும் தேடினார்கள்.

அநியாயமாகச் செத்தவர்களின் ஆவியைக் ‘கோர்யோ’ என்பார்கள். 863இல் கொள்ளைநோய் பரவியபோது, அரசியல் சூழ்ச்சிகளில் பலியான இளவரசர் சவாரா உள்ளிட்டோரின் ஆவிகளை அமைதிப்படுத்த அரசவையே கியோட்டோவில் சடங்கு நடத்தியது. அரசு தன் பழியை ஒப்புக்கொண்ட நிகழ்வாகவே அதை நான் வாசிக்கிறேன்.

ஹிமேஜியின் ஓகிகுவோ எளிய பணிப்பெண். ஆட்சியைக் கவிழ்க்க நடந்த சதியை அவள் அறிந்துகொண்டாள். சதிகாரர்களில் ஒருவன் அவளை அடைய விரும்பினான். அவள் இணங்காததால், பத்துத் தட்டுகளில் ஒன்றை ஒளித்துவைத்து, தொலைத்தவள் அவளே என்று பழிசுமத்திச் சித்திரவதை செய்து, கொன்று கிணற்றில் எறிந்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணும் குரல் ஒன்பதில் நின்று அலறலாக மாறும். சுற்றுலாவால் இந்தக் கிணறு பெயர்பெற்றது உண்மைதான், ஆனால் கதை பழையது. 1741இலேயே அது பொம்மலாட்டமாக மேடையேறியிருக்கிறது. கிணற்றை இன்று கம்பி வலை மூடியிருக்கிறது.

எடோவில் வழங்கும் இன்னொரு வடிவத்தில் அவளை மந்திரத்தால் யாரும் கட்டவில்லை. ஒரு துறவி இரவில் கிணற்றருகே காத்திருக்கிறார். அவள் ஒன்பது என்றதும், அலறல் எழுவதற்குள், “பத்து” என்று அவர் உரக்கச் சொல்கிறார். அதன் பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை.