விருந்தாளிக்கு எந்த டிஸ்க்? ஹோம் தியேட்டர் கேள்வி-பதில்

கேள்வி: 65 அங்குல ஓஎல்இடி டிவி, 5.1.2 ஸ்பீக்கர்கள் (சுற்றிலும் ஐந்து, தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர், உயரத்துக்கு இரண்டு), 4கே டிஸ்க் பிளேயர் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வருகிறார்கள். முதலில் எந்தப் படங்களை வாங்கலாம்? (தேவகோட்டை)

நான்கு டிஸ்க் போதும். எதையும் முழுதாக ஓட்ட வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் போட்டால் போதும், பந்தியில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைப்பதுபோல. எதை முதலில் வைப்பது என்பதுதான் முக்கியம். பெரும்பாலானோர் எடுத்த எடுப்பிலேயே குண்டு வெடிக்கிற காட்சியைப் போடுகிறார்கள். காது மரத்துப்போன பிறகு நுணுக்கமான ஒலி எதுவும் ஏறாது. அமைதியானதை முதலில் போடுங்கள்.

அதற்கு 'எ கொயட் பிளேஸ்' (2018). சத்தம் போட்டால் சாவு என்கிற கதை. மணலில் வெறுங்காலால் நடப்பதும் மரப்பலகை முனகுவதும் தனித்தனியாகக் கேட்கும். காது கேளாத மகளின் பார்வைக்குக் கதை போகும் இடங்களில் ஒலி அடங்கிப்போய், ஒரு கட்டத்தில் முழு மௌனம். அந்த மௌனத்தில் உங்கள் வீட்டில் என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். மின்விசிறி, ஏசி, பிரிட்ஜ், பிளேயரின் சொந்த விசிறி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அவற்றை அடக்குவது புது ஆம்ப்ளிஃபயர் வாங்குவதைவிட மலிவு, பலனும் அதிகம்.

இரண்டாவது 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' (2018). நிறத்துக்கு இதை மிஞ்ச ஆள் குறைவு. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அச்சடித்த காமிக்ஸ் புத்தகம்போல நிறங்கள் ஓரங்களில் விலகி நிற்கும், புள்ளிப்புள்ளியாகத் தெரியும். வேண்டுமென்றே அப்படிச் செய்தது. பல இடங்களில் பாத்திரத்தின் அசைவு விநாடிக்கு 24 படத்துக்குப் பதில் 12 படமாக வரும். டிவியில் 'மோஷன் ஸ்மூத்திங்' (நடுநடுவே டிவியே புதுப் படம் செருகி அசைவை வழவழப்பாக்குவது) ஓடிக்கொண்டிருந்தால் அந்த வேலைப்பாடு முழுக்கக் குழம்பிவிடும். அதை அணையுங்கள், அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்' வையுங்கள்.

மூன்றாவது 'பிளேட் ரன்னர் 2049' (2017). இதன் ஒளிப்பதிவுக்காக ரோஜர் டீக்கின்ஸ் ஆஸ்கர் வாங்கினார். ஆரஞ்சுப் புழுதி மூடிய லாஸ் வேகாஸ் காட்சியைப் போடுங்கள். ஒரே நிறம் மெல்ல மெல்ல மங்கிப்போகும் இடம் அது. டேட்டா குறைவாக வரும் ஸ்ட்ரீமிங்கில் இப்படிப்பட்ட வானம் படிக்கட்டு படிக்கட்டாக உடைய வாய்ப்பு அதிகம். டிஸ்க் எதற்கு என்று கேட்கிற மச்சானுக்கு இந்த இரண்டு நிமிடம் போதும். 100 ஜிபி 4கே டிஸ்க் விநாடிக்கு 128 மெகாபிட் வரை தர முடியும். 4கே ஸ்ட்ரீமிங் பொதுவாக 15-25 மெகாபிட்.

கடைசியில்தான் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015). தொடக்கத்தில் திரை இருட்டாக இருக்கும்போதே குரல்கள் தலையைச் சுற்றி வரும். வந்தவர்கள் தானாக அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு நேரே மணற்புயலுக்குப் போங்கள். இது 2கே-யில் முடித்து 4கே-க்கு உயர்த்திய படம். 4கே டிஸ்க்கில் கிடைப்பது கூர்மையைவிட எச்டிஆர் வெளிச்சம்தான், அதாவது இருட்டுக்கும் பிரகாசத்துக்கும் நடுவே விரிந்த இடைவெளி. காசு இடிக்கிறது என்றால் சாதாரண புளூ-ரே வாங்குங்கள், அதிலும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் வரும்) ஒலி இருக்கிறது.

ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) ஒலி அளவை -15 அருகே வைத்துவிட்டு நான்கு படத்துக்கும் ரிமோட்டைத் தொடாதீர்கள். விளக்கு வைத்த பிறகு காட்டுங்கள். வளவிலிருந்து (வீட்டு முற்றம்) வரும் பகல் வெளிச்சத்தில் ஓஎல்இடி-யின் கருப்பு வீண்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பதித்த ஹால், சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், 14 அடி உயரம். 'இன்டர்ஸ்டெல்லார்' போட்டால் இசைதான் கேட்கிறது, வசனம் புரியவில்லை. சென்டர் ஸ்பீக்கரை மாற்றலாமா? (கானாடுகாத்தான்)

மாற்றாதீர்கள். இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

ஒன்று, படம். அதில் சில இடங்களில் வசனத்தை இசைக்குள் அமிழ்த்தியது தெரிந்தே செய்தது என்று இயக்குநர் நோலனே 2014-இல் சொல்லியிருக்கிறார். சென்டர் ஸ்பீக்கரைச் சோதிக்க அந்தப் படம் ஆகாது. ஆட்கள் உட்கார்ந்து பேசும் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதிலும் புரியவில்லை என்றால் குற்றம் ஹாலுடையது.

ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு கைதட்டுங்கள். தட்டிய பிறகு வால்போல ஓசை நீளுகிறதா? கல் தரை, பளபளப்பான பூச்சு, கண்ணாடி, தேக்குத் தூண் எதுவும் ஒலியைக் குடிப்பதில்லை. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. முதலில் மெல்லின, வல்லின ஒற்றுகள் கரையும். பிறகு சொல்லே போய்விடும். ஓசை அரை விநாடிக்குள் அடங்கினால் வசனம் தெளியும்.

ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் நடுவே கனமான பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். கோரைப்பாய் போதாது. கதவு, ஜன்னல்களுக்குத் தடித்த திரை, ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாக விழும்படி. இரண்டாம் கட்டு அறையில் சீர் வந்த இலவம்பஞ்சு மெத்தை சும்மா கிடக்குமே, அதை இருக்கைக்குப் பின்சுவரில் நிமிர்த்தி வையுங்கள். கடையில் விற்கும் மெல்லிய ஃபோம் தகட்டைவிட அந்தப் பருமன் நன்றாக வேலை செய்யும். பக்கச் சுவரில் எங்கே மூடுவது என்று தெரிய, நீங்கள் இருக்கையில் உட்காருங்கள். இன்னொருவர் ஒரு கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். கண்ணாடிக்குள் எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கேதான் ஒலி முதலில் மோதுகிறது. (அந்த இடத்தில் ஏற்கெனவே பெல்ஜியம் கண்ணாடி தொங்கினால் சோதனையும் முடிந்தது, குற்றவாளியும் கிடைத்தாயிற்று.)

இவ்வளவும் செய்த பிறகு சென்டர் ஸ்பீக்கரை அலமாரியின் முன்விளிம்புவரை இழுத்து, காது உயரத்துக்குச் சாய்த்து, ரிசீவரில் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். உள்ளே தள்ளி வைத்தால் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும்.

கேள்வி: டிஸ்க் உறையில் அட்மாஸ் என்று போட்டிருக்கிறது. ரிசீவரில் 'டால்பி டிஜிட்டல்' என்று மட்டும் வருகிறது. (காரைக்குடி)

பிளேயர் டிவிக்குப் போய், டிவியிலிருந்து ஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே திருப்பி அனுப்பும் வழி) வழியாக ரிசீவருக்கு வருகிறதா? டிஸ்க்கில் அட்மாஸ் வழக்கமாக டால்பி ட்ரூஎச்டி வடிவில் இருக்கும்; சாதாரண ஆர்க் அதைக் கடத்தாது, இ-ஆர்க் வேண்டும். அதைவிட நல்லது பிளேயரை நேராக ரிசீவரில் செருகுவது. அதன் பிறகும் வராவிட்டால் பிளேயர் மெனுவில் 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்றிருப்பதை அணையுங்கள். அது இயங்கினால் மெனுவின் 'டிக்' சத்தத்தைக் கலப்பதற்காக மொத்த ஒலியையும் பிரித்துக் குறைத்துக் கட்டும். வெளியீடு 'பிட்ஸ்ட்ரீம்' ஆக (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) இருக்கட்டும். டிஸ்க் மெனுவிலும் மொழியைப் பாருங்கள். சில டிஸ்க்குகளில் முதலில் வரும் தடம் அட்மாஸாக இருக்காது.

மேல்நோக்கிப் பாடும் அட்மாஸ் ஸ்பீக்கர் வைத்திருந்தால் இன்னொன்று. அது தட்டையான கூரையில் பட்டுத் திரும்ப வேண்டும். ஏழரை முதல் 12 அடி உயரம் நல்லது. தேக்கு உத்தரமும் சட்டமும் ஓடும் மச்சுக் கூரையில் ஒலி சிதறிப்போகும். அந்தக் கூரையைத் துளையிடவும் மனசு வராது. சுவரின் மேல்பகுதியில் சிறிய ஸ்பீக்கர்களை இருக்கையை நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அண்ணன் டிஸ்க் வாங்கி வருவதாகச் சொல்கிறார். இங்கே ஓடுமா? (பள்ளத்தூர்)

கருப்பு உறை 4கே டிஸ்க் என்றால் எங்கே வாங்கினாலும் ஓடும், அதற்கு மண்டலப் பூட்டு கிடையாது. நீல உறை புளூ-ரேதான் சிக்கல். இந்தியா 'சி' மண்டலம், சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா 'ஏ', ஐரோப்பா 'பி'. பல டிஸ்க்குகள் மூன்று மண்டலத்துக்கும் பொதுவாகவே வருகின்றன. உறையின் பின்பக்கம் உலக உருண்டைப் படத்தில் எழுத்தைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். 4கே பெட்டிக்குள் கூடவே வரும் புளூ-ரேக்கு மட்டும் பூட்டு இருக்கக்கூடும்.

கேள்வி: 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' போட்டதும் சப்வூஃபர் 'தடக் தடக்' என்று அடித்தது. சுவரில் இருந்த படங்களும் அதிர்ந்தன. (புதுவயல்)

உடனே ஒலியைக் குறைத்தீர்களா? அந்தப் படத்தின் தொடக்க ஒலி சப்வூஃபரைப் பதம் பார்ப்பதற்குப் பேர்போனது. காதுக்குக் கேட்காத அளவுக்குக் கீழான அதிர்வெண்கள் அதில் இருக்கின்றன. உங்களுடையது துளை வைத்த பெட்டியாக இருந்தால், அந்தத் துளை இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி போனதும் ஸ்பீக்கரின் கூம்புக்குக் காற்றின் பிடி போய்விடும். கட்டுப்பாடில்லாமல் முன்னும் பின்னும் ஓடி எல்லையில் முட்டும். அந்தத் 'தடக்' அதுதான். இன்னும் இரண்டு முறை முட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் பழுதாகும். சப்வூஃபர் அளவை 5 டெசிபல் இறக்கி, பெரிய ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலி சப்வூஃபருக்குப் பிரியும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். எட்டு அங்குல சப்வூஃபரில் இந்தப் படத்தைக் காட்டிப் பெருமைப்பட முடியாது. வேறு படம் பாருங்கள்.

அதிர்வைப் பிடிக்க, 20-இலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியைப் போட்டுவிட்டு அறையைச் சுற்றி நடங்கள். ஐயா படத்தின் சட்டத்தில் ஒரு விரலை வையுங்கள். இரைச்சல் நின்றால் அதன் நான்கு மூலைக்கும் பின்னால் ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள். அடுத்தது அலமாரிக் கண்ணாடி, அடுத்தது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எவர்சில்வர் தாம்பாளங்கள்.

கேள்வி: ஆச்சிமார்களுக்கு ஆங்கிலப் படம் ஓடாது. அவர்களுக்கு என்ன போடலாம்? (கோட்டையூர்)

'லைஃப் ஆஃப் பை' (2012). ஆங்கிலப் படம்தான், ஆனால் பாம்பே ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டோடு தொடங்குகிறது. குரல் திரையின் நடுவிலிருந்து வருகிறதா, பக்கங்களுக்கு வழிகிறதா என்று பார்க்க அந்தப் பாட்டே நல்ல சோதனை. தொடக்கக் காட்சிகளில் புதுச்சேரி வரும். பறக்கும் மீன் காட்சியில் மேலும் கீழும் கருப்புப் பட்டை வந்து, மீன்கள் அந்தப் பட்டையைத் தாண்டிக் குதிக்கும். டிவியில் 'ஜூம்' வைத்திருந்தால் அந்த வேடிக்கை போய்விடும்.

வசனமே இல்லாத படம் என்றால் 'பராகா' (1992). 70 மி.மீ. படம், 8கே-யில் ஸ்கேன் செய்து 2008-இல் வந்த புளூ-ரே இன்றும் பல 4கே டிஸ்க்குகளை வெட்கப்பட வைக்கும். ஆனால் கவனம்: காசிக் கரையில் பிணம் எரியும் காட்சி அதில் உண்டு. கல்யாண வீட்டில் அதைப் போட்டுவிட்டு முழிக்காதீர்கள்.

கேள்வி: காரைக்குடியில் எடுத்த 'நாம் இருவர்' (1947) போன்ற பழைய படங்களை இந்தச் செட்டில் எப்படிப் போடுவது? (காரைக்குடி)

நான்குக்கு மூன்று அளவிலேயே விடுங்கள், அகலமாக இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். ஒலி மோனோ. ரிசீவரில் 'டால்பி சரவுண்ட்' வைத்தால் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் ஒலி சென்டருக்குப் போய்விடும், வாயிலிருந்து பேசுவதுபோல் இருக்கும். பழைய பட டிவிடியில் 5.1 தடம் இருந்தால் பெரும்பாலும் எதிரொலி சேர்த்த ஒட்டு வேலை. இரண்டு சேனல் தடத்தையே எடுங்கள்.

கேள்வி: 'சேவிங் பிரைவேட் ரயன்' 4கே டிஸ்க் வாங்கினேன். படம் மணல் மணலாக, நிறம் செத்துப்போய் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (திருப்பத்தூர்)

இல்லை. அந்தப் படம் எடுத்த விதமே அப்படி. நிறத்தை உறிஞ்சி, ஃபிலிமின் துகள் தெரிய எடுத்தார்கள். டிவியில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' போட்டு வழித்தால் முகம் மெழுகாகிவிடும். அதை ஒலிக்காகப் போடுங்கள். கடற்கரைக் காட்சியில் குண்டுகள் தண்ணீருக்குள் போகும் இடத்தில் ஒலி சட்டென்று மூழ்கி மீளும்.

பழைய படத்தில் கூர்மை காட்ட வேண்டும் என்றால் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962). கானல் நீருக்குள்ளிருந்து ஒமர் ஷெரீஃப் ஒட்டகத்தில் வரும் காட்சி. முதலில் ஒரு கருப்புப் புள்ளி. அந்தப் புள்ளி எப்போது ஆளாகிறது என்று வீட்டார் எண்ணட்டும். ஆனால் எத்தனை அடி தள்ளி உட்காருகிறீர்கள்? 65 அங்குலத் திரைக்கு ஆறரை முதல் எட்டே முக்கால் அடி. பட்டாலையின் (பெரிய கூடம்) அந்தக் கோடியில், 15 அடி தூரத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்தால் 4கே-க்கும் புளூ-ரேக்கும் கூர்மையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: புது 4கே டிஸ்க் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. (குன்றக்குடி)

100 ஜிபி டிஸ்க்கில் மூன்று அடுக்கு. ஆலையிலிருந்து வரும்போதே ஒட்டியிருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம்கூட அடுக்கு மாறும் இடத்தில் பிளேயரை நிறுத்திவிடும். ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் விரல் நுனியால் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் ஒற்றுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். புளூ-ரேயில் டேட்டா மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியைத் தேய்த்துச் சரிசெய்யும் மெஷினில் இதைக் கொடுத்தால் டிஸ்க் போய்விடும். கழுவியும் அதே இடத்தில் நின்றால் பிளேயர் மென்பொருளைப் புதுப்பியுங்கள், இன்னொருவர் வீட்டுப் பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்றால் பில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.