பள்ளி வாசலில் தொங்கும் பொட்டலம்

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் மாணவர்களுக்குப் பீடியும் புகையிலைப் பொட்டலமும் விற்கிறார்கள். ஊர்மக்கள் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: 18 வயதுக்குட்பட்டோருக்கும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் கடைக்காரரும் உங்கள் ஊர்க்காரரே என்பதால், பள்ளி மேலாண்மைக் குழுவினரும் பெற்றோரும் முதலில் நேரில் சென்று, மிட்டாய்ச் சரத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் கண்ணெதிரே தொங்கும் அந்தப் பொட்டலங்களை அகற்றும்படி கேளுங்கள்; மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பிள்ளைகளிடம் புகையிலையின் கேட்டைச் சொல்லும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: புற்றுநோய் என்பது பதினான்கு வயதுப் பையனுக்கு எங்கோ தொலைவில் இருக்கும் செய்தி. வாய் நாற்றமும் பற்கறையும், மைதானத்தை இரண்டாம் முறை சுற்றும்போதே இரைக்கும் மூச்சும் அவனுக்கு இன்றே புரியும். ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளையைத் தயவுசெய்து ஊரறியத் தண்டிக்காதீர்கள்; புகையிலையைக் கைவிட உதவும் 1800-112-356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசகரிடம் பேச வையுங்கள்.